பதினாலும் சைபரும்

முப்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். இதைச் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள், பார்த்தேன். சிரியுங்கள். ஆனால் அது வெறும் பேச்சு இல்லை. தோலுக்குள் போட்ட ஊசி எவ்வளவு மேடு தட்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். சிவப்பு கண்ணை இழுத்துவிடும். அதனால் கண்ணை மூடு, ஆள்காட்டி விரலை வெளியிலிருந்து உள்ளே மெதுவாக நகர்த்து, மேடு தொடங்கும் இடத்தில் நில் என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வேலைக்கு ரீடர் என்று பெயர். என் அம்மா கடைசிவரை, "எம் மவ கை பாத்துச் சொல்லுதா" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் சோசியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்றபிறகு மத்தியானத் தூக்கம் பழகிவிட்டது. அந்தத் தூக்கத்தில் கைகள் வருகின்றன. முகமே வருவதில்லை, முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி மட்டும். வளையல் போட்டவை, பச்சை குத்தியவை, பருத்திச் செடி கீறியவை. எல்லாம் வரிசையாக என் விரலுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் இரண்டு கைகளை மட்டும் தூக்கத்திலும் அடையாளம் தெரிகிறது. உங்களிடம் சொல்ல வந்தது அந்த இரண்டைப் பற்றித்தான்.

நீங்கள் இங்கே எய்ட்ஸ் வைரஸையும் காசநோய்க் கிருமியையும் தொழுநோய்க் கிருமியையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து ஆராய்கிறீர்கள். சுற்றிக்காட்டினீர்கள். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் கேள்வி புரிந்தது. ஒருவரைப் பிடிக்கிற கிருமி பக்கத்தில் படுத்திருப்பவரை ஏன் விட்டுவிடுகிறது? எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு வாடகை வீட்டில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த எங்களுக்கும் அதே கேள்விதான். எங்களிடம் இருந்தது ஒரு ஜீப், சில ஊசிகள், ஒரு பிளாஸ்டிக் அளவுகோல், என் விரல்.

சோதனை எளிது. தொழுநோய்க் கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்று, அதில் துளியூண்டு எடுத்து முன்கைத் தோலுக்குள் போடுவோம். செத்த கிருமி, யாருக்கும் நோய் தராது. நான்காவது வாரம் போய்ப் பார்ப்போம். உடம்புக்கு அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் மேடு இருக்கும். தெரியாவிட்டால் தட்டையாக இருக்கும். மேடு நல்லது. தட்டை கவலை. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இளையரசனேந்தலுக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் பாதையில் ஒரு மைல் நடக்கவேண்டிய ஊர் அது. பெயர் வேண்டாம். மாசி மாதம், பருத்தி வெடித்திருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு நானும் எழுத்தர் அண்ணாச்சியும் உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடிப் படிப்பேன், மேட்டின் இரண்டு ஓரத்திலும் பேனாவால் கோடு போடுவேன், அளவுகோலை வைத்து மில்லிமீட்டரைச் சத்தமாகச் சொல்வேன். அண்ணாச்சி பதிவேட்டில் எழுதுவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் என் குரல் எப்போதும் வராந்தாவைத் தாண்டிப் போகும்.

அஞ்சு. நாலு. ஆறு. அஞ்சு. வெயிலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணை மூடினால் பாதித் தூக்கம்போல ஒரு மயக்கம் வந்துவிடும். தூரத்தில் பருத்தி எடுக்கிற பெண்களின் பேச்சு, ஆட்டு மணி, விரலுக்குக் கீழே தோல். அப்போது ஒரு கை வந்தது. விரல் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. நடுவில் தோல் லேசாக உடைந்திருந்தது. அவ்வளவு அழகான மேட்டை நான் அதுவரை படித்ததில்லை. சந்தோஷத்தில் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

"பதினாலு!"

வரிசையில் பேச்சு நின்றது. எனக்கு அது காதில் விழவில்லை. அடுத்த கையைப் பிடித்துவிட்டேன்.

அந்தக் கைக்குரியவள் பெயர் ஆவுடை. இருபது வயதிருக்கும். அவள் சித்தப்பாவுக்குத் தொழுநோய். அதே வீட்டில்தான் இருந்தார், எங்கள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு நன்றாகத் தேறியிருந்தார். நோயாளி வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தவர்களுக்கு ஏன் நோய் வரவில்லை என்று பார்க்கத்தான் அந்த ஊருக்கே போனோம். ஆவுடையின் கை அதற்கு நேரான பதில். எனக்கு அது பதிலாகத் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் நம்பர் சொன்னால் மார்க் என்று நினைத்திருக்கலாம். அவர்கள் காய்ச்சல் என்று நினைத்தார்கள். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நோய்.

இரண்டு வாரம் கழித்து ஆவுடை தன் அம்மாவோடு சங்கரன்கோவில் நிலையத்துக்கு வந்தாள். முன்கையில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். காய்ந்து வெடித்திருந்தது. அம்மாக்காரி வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆவுடை அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"எக்கா, எனக்கு வைகாசில கல்யாணம். எங்க அத்தை மவன்தான். நேத்து அத்தை வந்து கையப் பாத்துட்டு வேண்டாம்னுட்டுப் போயிட்டா. ஊர்லயே பெரிய நம்பர் எனக்குத்தானாம். பெருவியாதி உள்ள ஏறிட்டாம். நீங்க எழுதுன நம்பர மாத்துங்க."

"அது நோய் இல்ல ஆவுடை. நல்லது அது."

"எனக்கு நீங்க சொன்னா போதும், நான் நம்புதேன். ஊரு நம்பாதுல்லா. நம்பரச் சொன்னப்ப சத்தமாச் சொன்னீங்க. நல்லதுன்னு அப்ப சொல்லலியே!"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரியவர்கள் என் வேலையைக் குறை சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

எழுத்தர் அண்ணாச்சி பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "ஏம்மா, முன்னாடி இருக்க ஒண்ண அழிச்சா நாலு ஆயிருது. ஒரு பிள்ளை வாழ்க்கைல்லா? யாருக்கு என்ன நட்டம்?"

பென்சிலால்தான் எழுதியிருந்தது. ரப்பரைக் கையில் எடுத்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. கீழே வைத்ததற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் அது எனக்கு நானே கட்டிக்கொள்ளும் மாலை. ஊர் காதில் விழுந்த பதினாலை எந்த ரப்பர் அழிக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். பதிவேட்டில் நாலாகிப்போனால் அவளுக்கும் உதவாது, உண்மையும் போகும்.

உள்ளே பெரிய டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். யோசிக்கும்போது கைக்குட்டையை மடித்து மடித்துத் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"நம்ம வேலை படிக்கிறதும்மா," என்றார். "பதில் சொல்றது இல்ல. ஒருத்திக்குப் பலன் சொன்னா ஊருக்கே சொல்லணும். தட்டையா இருக்கறவன்கிட்ட என்ன சொல்வே? அப்புறம் கை நீட்ட யார் வருவா?"

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் சார். சத்தமா."

கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார். அந்த அத்தையிடம் போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடத்துக்கு பஸ் ஏறினேன். ஆவுடையின் அத்தை வேலம்மாள் முற்றத்தில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் மூன்று தும்மல் போட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் அந்த நம்பரச் சொன்னவளா? இங்கரு தாயி, வியாதி வந்தது எங்கூடப் பொறந்த தம்பிக்கு. நான் அதுக்குப் பயந்தவ இல்ல. அவன் மாத்திரை திங்கான், நல்லாருக்கான். எம் மவன் சங்கரபாண்டிய நாலு வருசம் அந்த வீட்லதான் விட்டுப் படிக்க வச்சேன். ஆனா மத்தவளுக்கெல்லாம் அஞ்சு, ஆறுன்னா இவளுக்கு மட்டும் எதுக்குப் பதினாலு? நான் கண்ணால பாத்தேன். புண்ணு கணக்கால்லா இருந்துச்சு."

"புண்ணு இல்லம்மா. நாங்க போட்டது செத்த கிருமி. ஒடம்பு அதைக் கண்டுபிடிச்சுச் சுத்தி வளைச்சுக் கட்டுது. அந்தக் கட்டுதான் மேடு. பெருசாக் கட்டுனா பலம் பெருசுன்னு அர்த்தம். உங்க மருமவளுக்கு ஊர்லயே பெரிய பலம்."

வேலம்மாள் கொஞ்ச நேரம் காம்பு கிள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள். "நீ சொல்லுத. நான் எப்படி நம்புறது? எம் மவனுக்கும் போடு. அவனுக்கும் மேடு வந்துச்சுன்னா நம்புதேன். கல்யாணத்தை நடத்துதேன்."

நான் உடனே சரி என்றேன். ஏன் சொன்னேன் தெரியுமா? பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மேடு வந்துவிடும். என் விரல் அதைத்தான் மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தது. இவனுக்கும் வரும் என்று போடாத ஊசியை அப்போதே படித்துமுடித்துவிட்டேன். உங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. சாட்சியாகப் போனவள் பந்தயம் கட்டிவிட்டு வந்தேன், அதுவும் இன்னொருத்தியின் கல்யாணத்தை வைத்து.

நோயாளி வீட்டில் நாலு வருடம் இருந்தவன் என்பதால் சங்கரபாண்டி எப்படியும் எங்கள் பட்டியலில் வரவேண்டியவன்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டார். சங்கரபாண்டி சைக்கிள் கடை வைத்திருந்தான். அதிகம் பேசாதவன். ஊசி போட முன்கையை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு வந்து நீட்டினான். "இது போட்டா அவ கையில இருக்க மாதிரி வருமா?" என்று மட்டும் கேட்டான். வரும் என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

அந்த நான்கு வாரமும் எனக்கு வெயிலில் நடக்கிற கனவுபோலவே போனது. பஸ்ஸில், ஜீப்பில், சாப்பிடும்போது, என் விரல்நுனியில் ஒரு மேடு இருந்துகொண்டே இருந்தது. ஆவுடை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோயிலுக்கு வந்துவிட்டு எங்கள் வாசலில் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். நானும் சிரித்துத் தலையாட்டுவேன். ஒன்றும் தெரியாமலே தலையாட்டினேன்.

சித்திரையில் படிக்கப் போனோம். வேலம்மாள் வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேராவது கூடியிருந்தார்கள். வரச்சொன்னது வேலம்மாள்தான். ஊர் காதில் விழுந்தது ஊர் முன்னால்தான் சரியாகவேண்டும் என்று நினைத்திருக்கிறாள், நியாயம்தானே. ஒரு தலையணையில் கையை வைத்துக்கொண்டு சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தான். நான் கண்ணை மூடினேன்.

விரல் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஊசி போட்ட இடத்தைத் தாண்டிவிட்டேன் என்று தெரிந்து திரும்பி வந்தேன். மேலிருந்து கீழே, பக்கத்திலிருந்து பக்கத்துக்கு. ஒரு கடுகளவு மேடு கிடைத்தால்கூடப் போதும் என்று தேடினேன். மத்தியான வெயிலில் கரிசல் காட்டில் நடக்கிற மாதிரி இருந்தது, நிற்க ஒரு மரம் இல்லை.

"நம்பர் என்னம்மா?" என்றார் எழுத்தர் அண்ணாச்சி.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முகங்கள் இருக்கும். மூடியிருக்கும்வரை அது வெறும் கை. அவ்வளவு நேரம் எந்தக் கையையும் நான் படித்ததில்லை. யாரோ ஒருத்திதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள், "ஒண்ணுமே இல்ல மயினி! மழுமழுன்னு இருக்கு. சுத்தமான கை!" எல்லாரும் சிரித்தார்கள். வேலம்மாளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது. நான் கண்ணைத் திறந்தேன்.

அங்கே கூடியிருந்தவர்களில் நான் சொன்னதை முழுதாகக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

"எல்லாரும் போங்கட்டி," என்றாள். "அடுப்புல வேலை கெடக்கு." கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ சொன்ன கணக்குப்படி மேடு வந்தா பலம். அப்ப எம் மவனுக்கு?"

எனக்கு முன்னால் சுலபமான வழிகள் இருந்தன. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லலாம். சோதனை சிலருக்குப் பிடிக்காது என்று சொல்லலாம். இரண்டையும் அவள் நம்பியிருப்பாள், நிம்மதியாகவும் இருந்திருப்பாள். ஆனால் பொய் சொல்லிவிட்டு எழுந்தால் இந்தக் கையைப் பார்க்க நான் திரும்பி வரமுடியாது. பார்க்கவேண்டிய கை என்றால் இதுதான்.

"அவருக்கு நோய் இல்லம்மா," என்றேன். "இந்த ஒரு கிருமிய மட்டும் அவரு ஒடம்புக்கு அடையாளம் தெரியலை. மத்தபடி ஒரு கொறையும் இல்ல. கடைசிவரைக்கும் வராமலே போகலாம். வந்தா ஆரம்பத்துலயே பிடிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்க நான் வந்து பாப்பேன். நான் இருக்கமட்டும் பாப்பேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, அவ வீட்ல சொல்லிராத."

ஒரு கணம், இப்போது நீ கெஞ்சுகிறாயா என்று உள்ளுக்குள் ஒன்று குதித்தது. அந்த அற்ப சந்தோஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அடுத்த கணம் பயம் வந்தது. சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் ஆவுடை தெரியாமல் போய் அந்த வீட்டில் விளக்கேற்றுவாள். பலன் யாருடையது? படித்தவளுடையதா, கை நீட்டியவனுடையதா, அவனோடு வாழப்போகிறவளுடையதா? நீங்கள் இதற்கெல்லாம் இப்போது படிவம் வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குத் தலையணையும் ஒரு கையும்தான் இருந்தன.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகுதான் முதல்முறையாக நிமிர்ந்து சங்கரபாண்டியின் முகத்தைப் பார்த்தேன்.

"கை என்னோடதுல்லா," என்றான் அவன். "நானே சொல்லிக்கிடுதேன்."

இங்கே கொஞ்சம் தள்ளிப்போய் ஒன்று சொல்லவேண்டும். எண்பதுகள் முடிகிற சமயத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் புது வைரஸைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அடையாளம் கண்டுபிடிக்கிற அணுக்களையே அது தின்றுவிடும், அப்புறம் காசநோய் உள்ளவனுக்குக் காசநோய்ச் சோதனை ஊசி போட்டால்கூடக் கையில் மேடு வராது என்றார். மற்றவர்கள் குறிப்பு எழுதினார்கள். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். விரலுக்குக் கீழே அந்தத் தட்டைக் கை வந்துவிட்டது. நீங்கள் கருவியில் தட்டையான கோடு ஒன்றைப் பார்க்கும்போது தயவுசெய்து அதற்கு ஒரு முகம் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் நிலையத்து வேப்பமரத்தடி பெஞ்சில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையின் அம்மா வாசல்பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். அவன் சட்டையை முழங்கைவரை மடித்துக் கையை நீட்டினான். ஏதோ சொன்னான். அவ்வளவு தணிந்த குரல், ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு அது மட்டும் கேட்கவில்லை. ஆவுடை கண்ணை மூடினாள். நான் படிக்கிற மாதிரியே ஆள்காட்டி விரலால் அவன் கையை வெளியிலிருந்து உள்ளே தடவினாள். வரிசையில் நின்றபோது என்னைக் கவனித்திருக்கிறாள். அவ்வளவு மெதுவாக நான்கூடப் படித்ததில்லை. வேப்பம்பூ உதிர்ந்து அவன் கையில் விழுந்ததை ஒதுக்கிவிட்டு மறுபடியும் படித்தாள்.

"சைபர்," என்றாள்.

"ஆமா. வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "எனக்குப் பதினாலு இருக்குல்லா? ஆளுக்கு ஏழா வச்சுக்கிடுவோம்."

பின்னால் திரும்பினேன். பெரிய டாக்டர் நின்றிருந்தார். கைக்குட்டை தபால் தலை அளவுக்கு வந்துவிட்டிருந்தது. "இதை எந்தப் பத்திரிகையும் போடாதும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் நம்பரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதி மடித்து அண்ணாச்சியிடம் கொடுப்பேன். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் மேடு என்றால் என்ன என்று ஊசி போடும் முன்பே சொல்வேன். நேரம் இரட்டிப்பாகியது. டாக்டர் தடுக்கவில்லை.

வாக்குக் கொடுத்தபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருவேங்கடம் போனேன். சங்கரபாண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, நெஞ்சு, கை, கால் எல்லாம் பார்ப்பேன். தேமல் இல்லை, மினுமினுப்பு இல்லை. ஆவுடை காபி கொடுப்பாள். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது. வருடங்கள் அப்படியே ஒன்றுமேல் ஒன்று படிந்துபோயின. நான் பார்க்கிற பார்வையும் போகப்போக, காபிக்கு முன்னால் செய்கிற ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை.

எட்டாவது வருடம் ஒரு நாள், நான் பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், ஆவுடை அவனைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள்.

"எக்கா, இவுக காது மடல் தடிச்சிருக்கு."

நான் பார்த்தேன். எப்போதும்போல இருந்தது. "ஒண்ணும் தெரியலையே. நான் மாசியிலதானே பாத்தேன்?"

"நீங்க கண்ணால பாக்கீங்க. கண்ண மூடிப் பாருங்க."

கண்ணை மூடினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த மடலைப் பிடித்தேன். இருந்தது. ரொட்டி மாவுபோல, லேசாக, நிச்சயமாக. எட்டு வருடம் பதினாறு முறை அந்த மனிதனைப் பார்த்தவள் ஒருமுறைகூட விரலை வைக்கவில்லை. அவளோ தினமும் படித்திருக்கிறாள். "எனக்கு அளவெல்லாம் தெரியாதுக்கா. போன மாசம் இப்படி இல்லங்கிறது மட்டும் தெரியும்," என்றாள்.

மடலிலிருந்து துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கிருமி இருந்தது. தட்டைக் கைக்காரனின் உடம்பு அதை உள்ளே விட்டுவிட்டு ஒரு சத்தமும் போடாமல் இருந்திருக்கிறது. அதுதான் அந்த உடம்பின் குணம், வலிக்காது, மரத்துப்போகாது, காட்டிக்கொடுக்காது. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் ஸ்பேனர் பிடிக்க விரல் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

நல்லவேளையாக மூன்று மருந்துகள் சேர்ந்த புது சிகிச்சை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அதில் ஒரு மருந்து தோலைக் கறுக்கவைக்கும். சைக்கிள் கடை கரியோடு கரியாக அது யாருக்கும் தெரியவில்லை. மாத்திரையை வேலம்மாள் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் தன் கையாலேயே கொடுத்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

மருந்து தொடங்கிய மூன்றாவது வருடம் கடைசிச் சோதனை. வெளியே வராந்தாவில் மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வேலம்மாளும் அங்கேதான் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முன்பு கற்ற பாடத்தால் இன்னொரு முறையும் பார்த்தேன். ஒரு கிருமிகூட இல்லை. வழக்கம்போலக் காகிதத்தில் எழுதி மடித்து ஆவுடையிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்கையில் அந்த வடு, நடுவில் வெளுத்து, பதினாலு மில்லிமீட்டர், அப்படியே இருந்தது.

"எழுதாதீங்கக்கா," என்றாள். "சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சொன்னீங்கல்லா, அந்த மாதிரி."

நான் சங்கரபாண்டியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். பதினொரு வருடமாக நான் வாய்விட்டு நம்பர் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். காது மந்தமான அண்ணாச்சிக்கு மட்டும் இல்லை, அந்த வராந்தாவுக்கும் ராஜபாளையம் ரோட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சைபர்!"

வெளியே பேச்சு நின்றது. இந்த முறை எனக்கு அது காதில் விழுந்தது. பிறகு வேலம்மாளின் குரல், பக்கத்தில் இருந்தவளிடம், அடக்கமுடியாமல்:

"எம் மருமவ விரலு கண்டுபிடிச்சதுட்டி அது."